புண் தணித்த பண்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உப்பளங்களால் பெயர்பெற்ற ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நல்லியக்கோடனை நாடி யாழேந்திய பாணர் செல்லும் வழியில் அமைந்த பட்டினம் அது. அக்காலத்து இசை அரசவைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நோயுற்றார் படுக்கையருகிலும் அது ஒலித்தது. இதற்குச் சங்க நூல்களே சான்று பகர்கின்றன.

புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் புண்பட்ட தலைவனைக் காக்கத் தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. மனையில் இரவ இலையும் வேப்பிலையும் செருகப்படுகின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, நறும்புகை எழுகிறது, யாழொலியுடன் காஞ்சிப்பண் பாடப்படுகிறது. அரிசில்கிழார் காட்டும் இக்காட்சியில் பேய் அணுகாது காக்கும் நம்பிக்கையும் உண்டு. எனினும், பாடுவோர் புண்பட்டவனைத் தனியே விடவில்லை என்பது கருதத்தக்கது. மலைபடுகடாமில், புலி பாய்ந்த கணவனின் மார்புப்புண் தணியக் கொடிச்சியர் பாடுகின்றனர்.

பிறநாட்டாரும் இதனை உணர்ந்திருந்தனர். துருக்கியின் எதிர்னே நகரில் உசுமானியப் பேரரசர் இரண்டாம் பாயசீத் எழுப்பிய மருத்துவமனை 1488இல் நிறைவுற்றது. அங்கு மனநோயாளர்க்காக வாரம் மும்முறை இசை நிகழ்த்தப்பட்டதாக 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியுள்ளார்.

இக்கால ஆய்வு கூறுவது யாது? லான்செட் மருத்துவ இதழ் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 73 மருத்துவச் சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தது. அறுவை சிகிச்சையை ஒட்டி இசை கேட்டோர்க்கு வலியும் மனக்கலக்கமும் குறைந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆயினும், மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. இசை வலியைத் தணிக்கும் துணையேயன்றிப் புண்ணை ஆற்றும் மருந்தன்று என்பது இதனால் விளங்கும். மலைபடுகடாம் ஆசிரியரும் தணித்தல் என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டிருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

மரக்காணத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது புதுச்சேரி. அங்குள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசை மருத்துவத்திற்கெனக் கல்வி ஆய்வு மையம் தொடங்கப்பெற்றமை பாராட்டத்தக்கது.

காற்புண்ணில் உப்புநீர் ஊற, வெண்ணொளியில் கண் கூச உழைக்கும் உப்பளத் தொழிலாளர்க்கு முதலில் வேண்டுவன நீர்புகாக் காலணியும் கண்ணாடியும் காலத்தே கிட்டும் மருத்துவமும் ஆகும். இவற்றிற்கு மாற்றாக இசையைக் கூறுதல் அறமன்று. ஆனால், அவர்கள் மருத்துவமனையில் வலியோடு கிடக்கும் இரவுகளில், அவர்கள் விரும்பும் பாடலைப் பிறர் உறக்கம் கெடாத அளவில் கேட்கச் செய்தல் பெருஞ்செலவின்றி இயல்வதே. வேம்பும் பண்ணும் ஒரே மனையில் இருந்த மரபு நம்முடையது. மருந்தும் இசையும் இன்றும் அவ்வாறே இணைந்து நிற்றல் வேண்டும்.