பூனைக் கையுறை பின்னலாம் வாங்க: எண்ணிப் பின்னினால்தான் ஜோடி சேரும்



மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உறைபனி கொட்டுவது நமக்குத் தெரிந்ததுதான். காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டே நடப்பார்கள். கிளவுஸ் போடச் சொன்னால் போட மாட்டார்கள். அதே கிளவுஸில் ஒரு பூனை முகமோ முயல் காதோ இருந்தால், கழற்றச் சொன்னாலும் கழற்ற மாட்டார்கள். அதனால்தான் இந்த இதழின் கைத்தொழில் பாடத்துக்கு விலங்கு முகக் கையுறையை எடுத்துக்கொண்டோம்.

விரல் ஐந்தும் தனித்தனியாகப் பின்னுவது புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கஷ்டம். இது நாலு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி உறை. சங்கிலிப் பின்னலும் ஒற்றைப் பின்னலும் தெரிந்தால் போதும்.

நாங்கள் பட்டது

பாடத்துக்கு முன்னால் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். முதல் தடவை மலைமேல் ஒரு கடையில் 20 ஜோடிக்கு ஆர்டர் கிடைத்தது. ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். சீக்கிரம் முடிக்கணும் என்று, இடது கையை ஒருத்தர் பின்ன, வலது கையை இன்னொருத்தர் பின்னினார். கடையில் கொடுத்தபோது 8 ஜோடி திரும்பி வந்துவிட்டது. ஒரு கை பெரிசு, ஒரு கை சிறிசு. இரண்டு ஜோடியில் பூனை முகம் இரண்டுமே வலது கைக்குத்தான் தைத்திருந்தது!

கடைக்காரர் மேல் குறை இல்லீங்க, தப்பு எங்களுடையது. ஒருத்தர் நூலை இறுக்கிப் பிடிப்பார், ஒருத்தர் தளர்வாகப் பிடிப்பார். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக வராது. அதோடு, வட்டத்துக்கு வட்டம் எண்ணிப் பார்க்கவும் இல்லை. வாரச் சேமிப்பை எண்ணாமல் வாங்குவோமா? அதே கவனம் பின்னலுக்கும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தேவையான பொருட்கள் (ஒரு ஜோடிக்கு)

1. நடுத்தரக் கனமுள்ள உல்லன் நூல் 50 கிராம். சுமார் 40 கிராம்தான் செலவாகும். முதலில் வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பு நூலில் பின்னல் கண்ணுக்குத் தெரியாது.
2. 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசி.
3. கண், மூக்கு, மீசைக்குக் கொஞ்சம் கறுப்பு, ரோஸ் நிற நூல்.
4. பெரிய காது உள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், ஸ்கேல்.
5. அடையாளம் வைக்க வேறு நிறத்தில் ஒரு சிறு நூல் துண்டு.

தெரிந்துகொள்ள வேண்டிய பின்னல்கள்

சங்கிலி: சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். ஊசியில் நூலைச் சுற்றி, ஏற்கெனவே இருக்கும் கண்ணி வழியாக இழுத்தால் ஒரு சங்கிலி.

ஒற்றைப் பின்னல்: ஊசியைக் கீழே உள்ள பின்னலுக்குள் விட்டு நூலை இழுங்கள். ஊசியில் 2 கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டு கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள்.

கூட்டல்: ஒரே இடத்தில் 2 ஒற்றைப் பின்னல் போடுவது.

குறைத்தல்: ஒரு பின்னலில் ஊசியை விட்டு நூலை இழுங்கள், முடிக்காமல் அடுத்த பின்னலிலும் இழுங்கள். ஊசியில் 3 கண்ணி இருக்கும். நூலைச் சுற்றி மூன்றின் வழியாகவும் இழுத்தால் இரண்டு ஒன்றாகிவிடும்.

பின்னலை எப்படி எண்ணுவது? மேல் ஓரத்தைப் பாருங்கள், நம்ம பிள்ளைகளுக்குப் பின்னும் சடை மாதிரியே இருக்கும். அந்தச் சடையில் ஒரு மடிப்பு ஒரு பின்னல்.

முதலில் ஒரு சதுரம்

நேராகக் கையுறைக்குப் போகாதீர்கள். 17 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 16 ஒற்றைப் பின்னல் போடுங்கள். திருப்பி, 1 சங்கிலி போட்டு, மறுபடி 16. இப்படி 18 வரிசை. ஸ்கேல் வைத்தால் சுமார் 10 சென்டிமீட்டர் சதுரம் வரணும். பெரிதாக வந்தால் உங்கள் கை தளர்வு, 3.5 ஊசி எடுங்கள். சிறிதாக வந்தால் கை இறுக்கம், 4.5 ஊசி எடுங்கள். இந்த அரை மணி நேரத்தைச் சோம்பல்பட்டு விட்டதால்தான் எங்கள் 8 ஜோடி திரும்பி வந்தது.

கையுறை செய்முறை (4 முதல் 6 வயதுக்கு)

விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டுக்கு இறங்குகிறோம். வட்டம் வட்டமாக, நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே போகணும். ஒவ்வொரு வட்டத்தின் முதல் பின்னலிலும் அடையாள நூலை மாட்டுங்கள்.

வட்டம் 1: 2 சங்கிலி போட்டு, முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே 6 ஒற்றைப் பின்னல். (மொத்தம் 6)
வட்டம் 2: ஒவ்வொன்றிலும் கூட்டல். (12)
வட்டம் 3: ஒன்றில் ஒற்றை, அடுத்ததில் கூட்டல், இப்படியே சுற்றிலும். (18)
வட்டம் 4: இரண்டில் ஒற்றை, அடுத்ததில் கூட்டல், இப்படியே சுற்றிலும். (24)
வட்டம் 5 முதல் 14 வரை: கூட்டாமல் குறைக்காமல் ஒற்றைப் பின்னல். (24)
வட்டம் 15: 4 சங்கிலி போட்டு, கீழே 4 பின்னலை விட்டுவிட்டு, மீதி 20-லும் ஒற்றைப் பின்னல். இதுதான் கட்டைவிரல் துளை.
வட்டம் 16: 4 சங்கிலியிலும் ஒவ்வொரு பின்னல், பிறகு மீதி 20. (24)
வட்டம் 17 முதல் 22 வரை: ஒற்றைப் பின்னல். (24)
வட்டம் 23: 10 ஒற்றை, ஒரு குறைத்தல், மறுபடி 10 ஒற்றை, ஒரு குறைத்தல். (22)
வட்டம் 24 முதல் 29 வரை: ஒற்றைப் பின்னல். (22)

கடைசியில் அடுத்த பின்னலுக்குள் ஊசியை விட்டு, நூலை ஊசியில் உள்ள கண்ணி வழியாகவும் சேர்த்து இழுத்து முடியுங்கள். 15 சென்டிமீட்டர் விட்டு நூலை வெட்டுங்கள்.

கட்டைவிரல்: துளையில் புது நூலைச் சேர்த்து, விட்டுவைத்த 4 பின்னலில் 4, ஒரு மூலையில் 1, சங்கிலியின் மறுபக்கம் 4, அடுத்த மூலையில் 1 போடுங்கள். மொத்தம் 10. மூலையில் போடாமல் விட்டால் அங்கே ஓட்டை விழும், குளிர் உள்ளே போகும். இதையும் சேர்த்து 7 வட்டம் 10, 10 ஆகவே போடுங்கள். 8-வது வட்டத்தில் ஐந்து தடவை குறைத்தால் 5 மிஞ்சும். நூலை வெட்டி, தையல் ஊசியால் அந்த 5 வழியாகவும் கோத்து இறுக்கிக் கட்டுங்கள்.

இரண்டாவது கையையும் இதே கணக்கில், அதே ஆளே பின்னணும். ஒரு ஜோடி ஒரு கை வேலை. இப்போது எங்கள் குழுவில் இதுதான் சட்டம்.

பூனை முகம்

காது: 5 சங்கிலி போட்டு, இரண்டாவதில் தொடங்கி 4 ஒற்றைப் பின்னல். திருப்பி 1 சங்கிலி, இரண்டு தடவை குறைத்தல் (2). திருப்பி 1 சங்கிலி, ஒரு தடவை குறைத்தல் (1). தைப்பதற்கு நீளமாக நூல் விட்டு வெட்டுங்கள். ஜோடிக்கு 4 காது.

இனி முக்கியமான இடம். இரண்டு கையுறையையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கட்டைவிரல் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கணும். நம் இரண்டு கையையும் தரையில் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இப்போது மேலே தெரிவதுதான் புறங்கைப் பக்கம். முகத்தை அங்கேதான் தைக்கணும். முதலில் குண்டூசி குத்திப் பார்த்து, கையில் போட்டுப் பார்த்து, அப்புறம் தையுங்கள். தைத்து முடித்ததும் குண்டூசியை எண்ணித் திரும்ப எடுங்கள்.

காது, நுனியிலிருந்து 3-வது வட்டத்தில் இரண்டு பக்கமும் வரும். கண் 8-வது வட்டத்தில், நடுவில் 4 பின்னல் இடைவெளி விட்டு, கறுப்பு நூலால் நாலைந்து தையல். மூக்கு 10-வது வட்டத்தில் ரோஸ் நூலால் சின்ன முக்கோணம். மீசை பக்கத்துக்கு மூன்று கோடு.

முயல் வேண்டுமா? காதை மட்டும் மாற்றுங்கள். 9 சங்கிலி போட்டு, இரண்டாவதில் தொடங்கி 7 ஒற்றைப் பின்னல், கடைசிச் சங்கிலியில் 3, திரும்பி மறுபக்கம் 7. கரடிக்கு 6 போட்டு, அதை 12 ஆக்கிய சிறு வட்டத்தைப் பாதியாக மடித்துத் தைத்தால் உருண்டைக் காது வந்துவிடும்.

பிள்ளைக்கு ஆபத்து வராமல்

பாசி, பட்டன், ஒட்டும் கண் எதுவும் வேண்டாம். பிள்ளை வாயில் வைத்துக் கடிக்கும், கழன்றால் தொண்டையில் அடைக்கும். கண்ணை நூலாலேயே தையுங்கள்.

கையுறையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் நூல் எதுவும் இருக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் விரலில் அது சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிவிடும். குழந்தை அழும், எதற்கு அழுகிறது என்று நமக்குத் தெரியாது. நூல் முனைகளைத் தையல் ஊசியால் பின்னலுக்குள் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஓட்டி மறையுங்கள். கைக்குழந்தைக்குக் கையுறை போட்டால் அடிக்கடி கழற்றி விரலைப் பாருங்கள்.

இரண்டு கையுறையையும் கயிற்றால் இணைத்துக் கழுத்தில் மாட்டும் பழக்கமும் வேண்டாம். விளையாட்டில் எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கடைசியாக, தீ. குளிர் ஊரில் பிள்ளைகள் அடுப்பில் கை காட்டிக் குளிர் காய்வார்கள். கடையில் உல்லன் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக் நூல்தான். அது சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உருகிக் கெட்டி மணியாக ஆனால் அக்ரிலிக். முடி கருகிய நாற்றம் அடித்துப் பொடியாக உதிர்ந்தால் ஆட்டுக் கம்பளி. எந்த நூலானாலும் வாங்குகிறவரிடம், "குளிர் காயும்போது கழற்றிவிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

விலையையும் எண்ணுவோம்

அந்த முதல் ஆர்டரில் ஜோடி 150 ரூபாய் என்று ஒத்துக்கொண்டோம். நல்ல லாபம் என்று நினைத்தோம். கணக்குப் போட்டது பிறகுதான்.

நூல் 100 கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 கிராமுக்கு 40 ரூபாய். மற்ற நூல், பை எல்லாம் 10 ரூபாய். ஆக 50 ரூபாய் போக, கையில் 100 ரூபாய். பின்னித் தைக்க 5 மணி நேரம் ஆகிறது. அப்போ மணிக்கு 20 ரூபாய்!

உங்கள் ஊரில் 8 மணி நேர வேலைக்கு 400 ரூபாய் கூலி என்றால், மணிக்கு 50. ஐந்து மணிக்கு 250. பொருள் செலவு 50. ஜோடி 300 ரூபாய்க்குக் குறைந்தால் நம் கூலியை நாமே குறைத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்லாதீர்கள். சும்மா இருக்கிற நேரம் நமக்கு எப்போது இருந்தது?

மிஷினில் செய்த சாதாக் கையுறை இதைவிட மலிவாகக் கிடைக்கும். அதோடு போட்டி போட முடியாது. நம்முடையது விலை போவது அந்தப் பூனை முகத்துக்கும், தரத்துக்கும்தான். அதனால் ஜோடி ஒத்து வருவது அவ்வளவு முக்கியம். குளிர்காலத்திலும், மலைக்குச் சுற்றுலாப் பயணிகள் வரும் கோடை சீசனிலும்தான் இது ஓடும். இதை நம்பிப் பெரிய கடன் எடுக்க வேண்டாம். ஒரு பந்து நூல், ஒரு ஊசியோடு தொடங்குங்கள். முதல் மூன்று ஜோடியை நம் பிள்ளைகளுக்கே போட்டு, துவைத்துப் பாருங்கள். காது நின்றால், அளவு மாறாவிட்டால், நாலாவது ஜோடியை விற்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் யார் பின்னும் சதுரம் 10 சென்டிமீட்டர் வருகிறது? கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.
2. விற்பனைக்குப் போகும் முன் உள்பக்க நூலையும், ஜோடி அளவையும் சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கு? பின்னியவரே பார்க்கக் கூடாது.
3. நம் ஊர்க் கூலிப்படி ஒரு ஜோடிக்கு எவ்வளவு சொல்லணும்? எல்லோரும் ஒரே விலை சொல்லுவோமா?

திரும்பி வந்த அந்த 8 ஜோடியையும் பிரித்து, அதே நூலில் மறுபடி பின்னினோம். இந்தத் தடவை ஒவ்வொரு வட்டத்தையும் வாய்விட்டு எண்ணினோம். எட்டும் விற்றது. நீங்களும் எண்ணிப் பின்னுங்கள், எண்ணி விலை சொல்லுங்கள்.