படுக்கை விரிப்பு: தேர்வும் சலவையும்

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசலில் பருத்தி விளைகிறது. அண்மையிலுள்ள சங்கரன்கோவில், புளியங்குடி முதலிய ஊர்களில் தறிகள் இயங்குகின்றன. பருத்தியையும் நெசவையும் இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டிருக்கும் நம் இல்லங்களிலேயே, படுக்கை விரிப்பு வாங்கும்போது பகட்டும் விலையுமே பார்க்கப்படுகின்றன. கடையில் மொடமொடவென்று நின்ற துணி நான்கு சலவைக்குள் வலையாகிவிட்டால், வாங்கியவர் கைத்தறியையே குறை கூறுகிறார். மறுமுறை சங்கக் கடைப்படி ஏறுவதில்லை. சலவைக்குப் பின் எஞ்சி நிற்பதே விரிப்பின் தரம். இதனை வாங்குவோரும் நெய்வோரும் பருத்தி விளைவிப்போரும் ஒருங்கே உணர வேண்டும்.

1. நார்

நம் வெப்பத்துக்கு ஏற்றது தூய பருத்தி விரிப்பே. பருத்தி நார் காற்றிலுள்ள ஈரத்தில் தன் எடையில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் ஏற்கும். பாலியெஸ்டர் அரைப் பங்கும் ஏற்பதில்லை. ஆகவேதான் கலப்புத் துணியில் படுத்தால் வியர்வை உடலிலேயே தங்கிப் புழுங்குகிறது. ஐயமிருந்தால் ஓரத்து இழைகள் சிலவற்றை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பெற்றது. அப்பகுதியின் பெயர் பெற்ற கருங்கண்ணிப் பருத்தி மானாவாரிக்கு உகந்தது. அதன் நார் குட்டையாதலால் தடித்த நூலுக்கே பொருந்தும். மெல்லிய, உறுதியான நூலுக்கு நீண்ட நார் வேண்டும்.

விவசாயி செய்யத்தக்கது ஒன்றுண்டு. கொட்டுப் பருத்தியை நல்ல பருத்தியோடு கலவாது தனியே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கில் பருத்தியைக் கட்டுதல் கூடாது. சாக்கிலிருந்து பிரியும் இழை நூலோடு கலந்து, சாயம் ஏறாமல், நெய்த துணியில் வெள்ளைக் கீற்றாகத் தோன்றும். வயலில் நேர்ந்த கவனக்குறைவுக்குத் தறிக்காரர் பழி சுமக்கிறார். எனவே பருத்தித் துணியிலேயே கட்டுக.

2. நூலும் நெசவும்

ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ, அதுவே நூலின் நம்பர். 20ஆம் நம்பர் தடித்தது. 40ஆம் நம்பர் மெல்லியது. நாள்தோறும் புழங்கும் விரிப்புக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூல் போதுமானது. அங்குலத்தில் 600 இழை, 1000 இழை என்ற விளம்பரங்களைக் கண்டு மயங்க வேண்டா. பல புரிகளை முறுக்கிய ஒரே இழையைப் பல இழைகளாக எண்ணுவதால் இத்தகைய எண்கள் பெருகுவதுண்டு. மிக நெருங்கிய நெசவில் காற்றும் எளிதில் புகாது.

துணியை வெளிச்சத்தில் பிடித்து, இழைகள் சீராக உள்ளனவா என்று பாருங்கள். இரு கைகளாலும் கசக்கிப் பாருங்கள். மாவுபோல் உதிர்ந்தால் அங்கே நெசவின் குறையைக் கஞ்சி மறைக்கிறது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் சோதியுங்கள்.

3. அளவு

60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள விரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெத்தையின் நீளம் 75 அங்குலம், தடிப்பு 4 அங்குலம் எனில், இரு முனைகளையும் மூட 83 அங்குலம் செல்லும். செருகுவதற்கு 7 அங்குலம் எஞ்சும். துணி நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால் நீளம் 85½ ஆகிவிடும்; செருக 2½ அங்குலமே மிஞ்சும். இரவெல்லாம் விரிப்பு சுருண்டு வருவதன் காரணம் இதுவே. சுருக்கத்துக்கு இடம் வைத்தே வாங்க வேண்டும். பாய்க்கோ கயிற்றுக் கட்டிலுக்கோ இத்தொல்லை இல்லை.

4. சலவை

புது விரிப்பை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நீரை மாற்றி அலசினால் கஞ்சி நீங்கும். வண்ண விரிப்பைத் தனியே ஊறவிடுக. உப்பு நீரில் நனைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை.

கரிசல் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடின நீர். அதில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுக்காகி இழையில் படியும். விரிப்பு பழுப்பேறிச் சொரசொரப்பாவது இதனால்தான். சோப்பை அதிகமாக்குவது வீண்செலவு. சிறிது சலவைச் சோடாவை முதலில் நீரில் கரைத்துப் பின்னர் சோப்பிடுக. மழைநீர் கிடைப்பின் மிக நன்று. நம் முன்னோர் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்ததும் பொருளற்ற வழக்கமன்று. உவர்மண்ணின் காரம் அழுக்கைக் கரைத்தது. ஆவியின் வெப்பம் பூச்சிகளைக் கொன்றது.

வாரம் ஒருமுறையேனும் விரிப்பை மாற்ற வேண்டும். படுக்கைத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளை 60 பாகை வெப்பம் அழிக்கும். கொதிநீர் ஒரு பங்கும் சாதாரண நீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறத்தாழ அவ்வெப்பம் கிட்டும். சொறி சிரங்கு உள்ள வீட்டில் இது மிகவும் அவசியம். இரத்தக் கறையை மட்டும் குளிர்நீரில் கழுவுக. வெந்நீர் கறையை நிலைக்கச் செய்யும்.

வெளுப்புத் தூளை நேரே தூவினால் இழை இற்றுப்போகும். கல்லில் ஓங்கி அறைவதும் மடிப்புகளில் நாரை முறிக்கும். மூன்று முறை அலசுக. விரிப்புக்குக் கஞ்சி வேண்டா. அது காற்றுப் புகும் துளைகளை அடைத்துப் பூச்சிகளையும் அழைக்கும். வெள்ளையை வெயிலிலும் வண்ணத்தை நிழலிலும் உலர்த்துக. இரண்டு விரிப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இரண்டும் நெடுநாள் உழைக்கும்.

5. நெசவாளர் கடமை

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட துணிவகைகளுள் படுக்கை விரிப்பும் ஒன்று. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நம் விரிப்புகளை விற்றுவருகிறது. சென்னிமலை விரிப்புகளால் பெயர் பெற்றது. ஆயினும் சட்டமும் விற்பனை நிலையமும் துணியை ஒருமுறை வாங்கச் செய்யலாம். மறுமுறை வாங்கச் செய்வது நெசவே.

அங்குலத்துக்கு 52 ஊடை என்று சங்கம் வகுத்திருக்க, ஒருவர் 48 போடுகிறார் என்று கொள்வோம். 90 அங்குல விரிப்பில் 360 ஊடை குறைகிறது. அவருக்குச் சிறிது நேரம் மிச்சம். ஆனால் துவைத்தபின் இழை நகர்ந்து துணி விரியும். சாயப்பட்டறையில் விறகை மிச்சப்படுத்தக் கொதிநீர்ச் சோப்பு அலசலைக் குறைத்தாலும் ஒட்டாத சாயம் வாங்குவோர் வீட்டில் வடியும். இவ்விரு மிச்சங்களுக்கும் விலை கொடுப்பது சங்கத்தின் நற்பெயர். இருப்பு அறையில் துணி தேங்கினால் அடுத்த மாதம் பாவு கிடைக்காமல் தறி நிற்கும். அப்போது 52 ஊடை போட்டவர் தறியும் சேர்ந்தே நிற்கும் என்பதை உறுப்பினர் எவரும் மறத்தலாகாது.

ஒவ்வொரு புது ரகத்திலும் ஒரு விரிப்பைச் சங்கமே ஐந்து முறை துவைத்து, அளந்து, நிறம் பார்த்த பின்னரே விற்பனைக்கு அனுப்புவது நன்று. இதற்கு ஆகும் செலவு ஒரு விரிப்பின் விலையே.

பயிற்சி வினாக்கள்

1. நம் சங்கத்து விரிப்பு ஐந்து சலவைக்குப் பின் எத்தனை அங்குலம் சுருங்குகிறது? அளந்து எழுதுக.

2. உங்கள் கிணற்று நீரிலும் மழைநீரிலும் ஒரே அளவு சோப்பைக் கரைத்து, நுரையை ஒப்பிடுக.

3. ஊடை குறைந்த துணியைப் பெற்றுக்கொள்ளும்போது சங்கம் செய்யவேண்டியது யாது? அடுத்த கூட்டத்தில் விவாதிக்க.