மேம்பாலம் ஏறும்போது மட்டும்

செகண்ட் ஹேண்ட் வண்டியில் ‘மிஸ்ஸிங்’ என்று சொன்னால், கும்மிடிப்பூண்டிப் பக்கம் முதலில் காதில் விழுவது, “பிளக் மாத்திடலாம் சார்.” பிளக் முடிந்தால் காயில், அதுவும் முடிந்தால் இன்ஜெக்டர் கிளீனிங். நான் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு இவை எல்லாவற்றையும் பழைய ஓனரே செய்து பில்லும் வைத்திருந்தார். பில் கட்டு தடிமனாக இருந்தால் நன்றாகப் பராமரித்த வண்டி என்று நம்பிவிடுவோம். ஒரே கோளாறைத் துரத்தி அடுத்தடுத்துப் போட்ட பில்களா என்று தேதியையும் பாருங்கள்.

காலையில் வண்டி தங்கமாக ஓடும். சிப்காட்டில் பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, சாயங்காலம் ஏசி போட்டு, ஆள் நிறைய ஏறி, தேசிய நெடுஞ்சாலை 16-ல் மேம்பாலம் ஏறும்போது மட்டும் பிக்கப் செத்துக் குலுக்கும். பின்னால் கண்டெய்னர் லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடிப்பார். இறக்கத்தில் எல்லாம் சரியாகிவிடும். இன்ஜின் லைட்டும் எரியாது. பட்டறை வாசலில் நிறுத்தினால் ஒரு குறையும் காட்டாது.

இப்படிப்பட்ட கோளாறுக்கு ஸ்பானரைத் தொடுவதற்கு முன் நோட்டை எடுக்க வேண்டும். வெயிலா, மழையா? எவ்வளவு சுமை? டேங்கில் எவ்வளவு பெட்ரோல்? எழுதிப் பார்த்ததில், டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கிய நாட்களில் தொல்லை சீக்கிரமே வந்தது. டேங்குக்குள் இருக்கும் பம்ப்புக்குச் சூடு தணிப்பதே அந்தப் பெட்ரோல்தான். சந்தேகம் அங்கே திரும்பியது.

அடுத்து, புளூடூத் ஓபிடி கருவியைச் செருகி லைவ் டேட்டா பார்த்தேன். (ஓட்டும்போது போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.) எரர் கோடு எதுவும் பதிவாகாவிட்டாலும் ஃபியூயல் டிரிம் பேசும். கூடுதல் பெட்ரோல் கேட்டு அந்த எண் ஐடிலில் ஏறி, வேகத்தில் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு. ஐடிலில் சாதாரணமாக இருந்து, சுமையில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. என் வண்டி இரண்டாவது ரகம்.

“அப்போ பம்ப் மாத்திடலாம்” என்றார் மெக்கானிக். பக்கத்திலிருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் தடுத்தார்: “இருங்கண்ணே, மொதல்ல கப்ளர்ல வோல்ட் பாத்துரலாம்.” பின்சீட்டைத் தூக்கினார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், பம்ப் கப்ளரில் 12-க்கும் கீழே. மீட்டரின் ஒரு முனையைப் பம்ப்பின் எர்த் வயரிலும், மறுமுனையைப் பேட்டரி நெகடிவிலும் வைத்தார். பம்ப் ஓடும்போது அங்கே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மேட்டை உரித்தால், எர்த் போல்ட்டில் பச்சை பூத்திருந்தது. சுற்றிலும் மாவு போல வண்டல். உப்புத்தாளால் தேய்த்து, புது லக் அடித்து, வாசலின் தடவி முறுக்கியதும் மேம்பாலம் சாதாரணச் சாலையாகிவிட்டது. பம்ப் அதேதான் இன்னும் ஓடுகிறது.

அந்த வண்டல்தான் வண்டியின் வரலாறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் தண்ணீருக்குள் நின்ற கார்கள் கொஞ்சமல்ல. சீட்டைக் காயவைத்து, சென்ட் அடித்து, பாலிஷ் போட்டு விற்றுவிடலாம். கப்ளருக்குள் அரிப்பு மெதுவாகத்தான் வேலை காட்டும். அதனால் டெஸ்ட் டிரைவில் அது பிடிபடாது.

வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, கறைக்கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு. சீட் கவர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள். பல வருடம் ஏறி வந்த நோ கிளெய்ம் போனஸ் 2024 புதுப்பித்தலில் பூஜ்ஜியமாகியிருந்தால், எதற்குக் கிளெய்ம் போட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.