நோன்பு என்றால் பட்டினியா?

'நோன்பு' நம்ம செட்டிநாட்டுக்குப் புதுச் சொல் இல்லை. நகரத்தார் வீடுகளில் கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கணக்கு வைத்துப் பிள்ளையார் நோன்பு கும்பிட்டு இழை எடுத்துக்கொள்வார்கள். அதே சொல்லைத்தான் தமிழ் முஸ்லிம்கள் ரமலானுக்கும் சொல்கிறார்கள். நோன்றல் என்றால் பொறுத்துக்கொள்ளுதல். அரபியில் 'ஸவ்ம்', அதாவது தன்னைத் தடுத்துக்கொள்ளுதல். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி அர்த்தம் கிடைத்துவிடும்.

ரமலான் நோன்பு கடமையானது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624). விடியும் முன் 'சஹர்' சாப்பாடு. அப்புறம் சூரியன் மறையும்வரை எதுவும் கிடையாது. ("தண்ணியாவது குடிக்கலாமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதுவும் கூடாது!) காரைக்குடியில் இது ஏறத்தாழ 13, 14 மணி நேரம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருப்பதால் எந்த மாதத்தில் வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நார்வேயில் கோடையில் வந்தால் 18 மணி நேரத்தையும் தாண்டும்.

பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாள்தான். அதனால் ரமலான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னால் வரும். தமிழ்நாட்டில் 2024இல் மார்ச் 12, 2025இல் மார்ச் 2 அன்று தொடங்கியது. ரெண்டு வருஷமும் பொதுத்தேர்வு நோன்போடு வந்தது! வெறும் வயிற்றோடு கணக்குப் பரீட்சை எழுதியவர்களை நினைத்துப் பாருங்கள்.

வகுப்பில் சிலர், "எச்சில் முழுங்கிட்டே, நோன்பு போச்சு" என்று கேலி பண்ணுகிறார்கள். தப்பு. எச்சில் விழுங்கினால் நோன்பு முறியாது. மறந்துபோய்த் தண்ணீர் குடித்தாலும் முறியாது, ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடரலாம். ஆனால் பொய்யும் புறம் பேசுவதும் நோன்பின் பலனையே கெடுத்துவிடும். யாராவது சண்டைக்கு வந்தால், தான் நோன்பாளி என்று சொல்லி ஒதுங்கிவிட வேண்டும் என்பது நபிகளின் போதனை. பசியை விட இதுதான் கஷ்டம்!

நோயாளிகளும் பயணத்தில் இருப்பவர்களும் விட்ட நோன்பைப் பிறகு வைக்கலாம். வைக்கவே முடியாத முதியவர்கள் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை வீதம் உணவளிப்பார்கள். பெண்களுக்கும் சில நாட்களில் விலக்கு உண்டு. ஆகவே "நீ ஏன் இன்னைக்கு வைக்கல?" என்று நாலு பேர் முன்னால் யாரையும் கேட்டு நச்சரிக்காதீர்கள்.

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் நோன்புக் கஞ்சி. அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்தது. காய்ந்த வயிற்றுக்கு இதமாக இருக்கும். இதற்காகவே தமிழக அரசு 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. அசர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு போனால் யார், என்ன மதம் என்று கேட்காமல் ஊற்றித் தருவார்கள்.