ஆங்கிலக் கூட்டுவினைகளைக் கையாளும் முறை

ஆங்கிலத்தில் ‘புட்’ என்னும் சாதாரண வினையானது, ‘ஆஃப்’ சேர்ந்தால் ஒத்திப்போடுதல் என்றும், ‘அப் வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்ளுதல் என்றும் அர்த்தம் மாறிவிடுவதால், இத்தகைய வினைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருள் தேடாமல், முழு வாக்கியமாகவே மனனம் செய்துகொள்வது உத்தமம்.

• ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றாலும், ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றாலும் பிழையில்லை. ஆயினும், பெயருக்குப் பதிலாக ‘இட்’ வருமாயின், ‘புட் இட் ஆஃப்’ என்று அது நடுவில்தான் அமர வேண்டும்.

• பராமரித்தலைக் குறிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ அவ்வாறு பிரியாதாகையால், ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே சரி.

• சம்பாஷணைக்கு இவை இயல்பாகப் பொருந்தினாலும், விண்ணப்பங்களிலும் உத்தியோகக் கடிதங்களிலும் ‘போஸ்ட்போன்’ போன்ற ஒற்றைச் சொல்லே சிலாக்கியம்.