கருநிற இலை டேலியா

டேலியாவின் தாயகம் மெக்சிக்கோ. ஆயினும் பிரித்தானியத் தோட்டங்களில் நாம் காணும் கருநிற இலை டேலியாக்களுள் புகழ்பெற்ற 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்', வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1924ஆம் ஆண்டு உருவானது. அந்நாளைய லாண்டாஃப் ஆயரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. மலர் செக்கச் சிவந்தது.

இலை கருத்திருப்பதால் பச்சையம் இல்லையென மாணவர் எண்ணலாகாது. பச்சையம் உண்டு, அந்தோசயனின் எனும் நிறப்பொருள் அதனை மறைத்து நிற்கிறது. நிழலில் இக்கருமை குன்றும்; ஆதலின் நல்ல வெயில் படும் இடத்தையே தேர்வோம்.

மே மாத இறுதியில், உறைபனி அச்சம் நீங்கியபின் கிழங்கை நடுவோம். இளந்தளிரை நத்தைகளிடமிருந்து காப்பதுதான் பெரும்பாடு! இலையுதிர்காலத்தின் முதல் உறைபனியில் செடி கருகித் தொங்கும். இறந்துவிட்டதெனப் பிடுங்கி எறிவோர் நம்மில் பலர். எறியலாகாது, மண்ணுள் கிழங்கு உயிரோடிருக்கும். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கை அகழ்ந்து உலர்த்தி, உறைபனி புகாத இடத்தில் வைப்போம்.

வசந்தத்தில் அதனைப் பிரிக்கையில் கவனம் வேண்டும். உருளைக்கிழங்கின் மேனியெங்கும் முளைக்கண்கள் உண்டு. டேலியாவுக்கோ தண்டு சேரும் கழுத்தில் மட்டுமே. கழுத்தின்றி ஒடிந்த கிழங்கு எத்துணைப் பருத்திருப்பினும் முளையாது. விதையிட்டும் வளர்க்கலாம், ஆனால் மலரின் நிறம் மாறலாம், இலை பச்சையாகவும் வரலாம். அச்செடிக்குத் தாயின் பெயரைச் சூட்டுவதில்லை.