மோட்டார் எஞ்சினின் முன்கப்பி

சேலத்துக்கு மேற்கேயுள்ள ஜலகண்டாபுரம் போன்ற நெசவூர்களிற் பிறந்த மாணாக்கர்க்குக் கப்பியும் பெல்ட்டும் புதிய பொருள்கள் அல்ல. விசைத்தறியில் மின்சார மோட்டாரின் சிறு கப்பியிலிருந்து பெல்ட்டின் வழியே தறிக்குச் சக்தி செல்லுகின்றது. அங்கே சுழலும் கிராங்க் தண்டு, அச்சைத் தாங்கிய பலகையை முன்னும் பின்னும் ஆட்டுகின்றது. மோட்டார் வண்டியின் எஞ்சினிலோ இதற்கு மறுதலையான காரியமே நிகழ்கின்றது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. அத்தண்டின் முன்மூக்கிற் பூட்டப்பட்ட கப்பி, பிறந்த சக்தியிற் சிறு பங்கை எடுத்து விசிறி, நீர்ப்பம்பு, டைனமோ ஆகிய மூன்றையும் ஓட்டுகின்றது. பட்டறைக்காரர் ‘புல்லி’ என்பது இதனையே.

நம் தேசத்துப் பழைய வண்டிகளுள் இப்பாடத்துக்கு ஏற்றது அம்பாஸடர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் இதனைச் செய்துவந்தனர். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றது. இவ்வண்டியில் நெடுங்காலம் வழங்கிய பெட்ரோல் எஞ்சின், 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள பி.எம்.சி. ‘பி’ வகையைச் சேர்ந்தது. பிற்காலத்து இசுஜு எஞ்சினுக்கு நாம் கூறப்போகும் விவரங்கள் முற்றும் பொருந்தா. தொழிற்சாலை மூடிய பின்னரும் கப்பி எங்கேனும் கிடைக்கும். இல்லையேல் கடைசற் பட்டறையிற் செய்வித்துக்கொள்ளலாம். ஆனால் கிராங்க் தண்டின் மூக்கிலுள்ள சாவிப்பள்ளம் சிதைந்தால் அவ்வளவு எளிதில் ஈடு செய்ய இயலாது. ஆகவே, கப்பி மாற்றும் வேலை முழுவதையும் தண்டைக் காக்கும் வேலையென்றே கொள்ளல் வேண்டும்.

சாவி என்றது கப்பிக்கும் தண்டுக்கும் நடுவே பிறைபோல் அமர்ந்திருக்கும் சிறு எஃகுத் துண்டை. கப்பியை உண்மையில் இறுகப் பற்றுவது முன்னேயுள்ள பெரிய நட்டு. சாவி அதற்குத் துணை. நான்கு ஸிலிண்டர் எஞ்சினில் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புக்கள் உண்டு. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுங்கால், செகண்டுக்கு 100 முறை தண்டு முன்னே உந்தப்படுகின்றது. கப்பியோ பெல்ட்டின் பாரத்தாற் பின்னிடுகின்றது. நட்டு தளர்ந்தால் இந்த உந்தல்கள் அனைத்தும் சாவியின்மேல் விழும். பத்து மைல் ஓட்டத்துக்குள் எத்தனை ஆயிரம் அடிகள் என்பதை மாணாக்கரே கணக்கிட்டுப் பார்க்கலாம். மெதுவாக ஓடும்போது முன்புறத்தில் ‘டக் டக்’ என்று கேட்கும் ஓசையைப் பலர் பேரிங்கின் குற்றமென்று எண்ணி, எஞ்சின் முழுவதையும் பிரித்துவிடுகின்றனர். முதலிற் கப்பியைக் கையாற் பிடித்து ஆட்டிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கப்பியின் பள்ளத்தையும் நோக்குக. பெல்ட்டு தன் இரு பக்கச் சரிவுகளாற் பற்றவேண்டுமேயன்றி அடியாற் பற்றுதல் கூடாது. பக்கங்களுக்கு இடையே 38 டிகிரி கோணம் உளதெனக் கொண்டால், பாதிக் கோணமாகிய 19 டிகிரியின் ஸைன் 0.326. எனவே தட்டைக் கப்பியிற் கிடைக்கும் பிடிப்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்பு ஆப்புத் தத்துவத்தாற் கிடைக்கின்றது. பள்ளத்தின் அடி பளபளப்பாயின், பெல்ட்டு அடியிலே சறுக்குகின்றது; அந்த மூன்று மடங்கும் போயிற்று. பக்கங்கள் தேய்ந்த கப்பிக்குப் புதுப் பெல்ட்டு வாங்குவது வீண்செலவு.

கழற்றும் முறை வருமாறு. பாட்டரி இணைப்பை நீக்கி, தண்ணீரை வடித்து, ரேடியேட்டரை எடுத்துவிட்டுப் பெல்ட்டைத் தளர்த்துக. நட்டின்மேல் மடிந்திருக்கும் பூட்டு வாஷரை நிமிர்த்துக. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக்கை இழுத்து, டாப் கியரிற் போட்டால் எஞ்சின் சுழலாது நிற்கும். வண்டியின் முன் நின்று நோக்குவார்க்கு இடஞ்சுழியாகத் திருகினால் நட்டு கழலும். இந்நட்டின் முகத்திலுள்ள பற்களைக் கவனித்தல் தகும். பாட்டரி ஓய்ந்த காலைகளில் ஹாண்டிலைச் செருகி எஞ்சினைக் கிளப்பியது இப்பற்களைக் கொண்டே. ஸ்பானரைச் சட்டத்தில் முட்டவைத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டி நட்டைக் கழற்றும் வித்தை சில பட்டறைகளில் உண்டு. நான் அதனைச் சிபாரிசு செய்யேன். ஸ்பானர் தெறித்தால் எங்கே போய்விழும் என்று எவர் சொல்ல வல்லார்?

கப்பி தானே வந்துவிடாது. விளிம்பைச் சுத்தியலால் அடிப்பதும், அங்கே நெம்புகோல் கொடுப்பதுமே பெருந்தீங்கு. விளிம்பு தகட்டால் ஆனது, எளிதில் வளையும். அதன் பின்னேயுள்ள டைமிங் மூடியும் மெல்லிய தகடே. புல்லர் கருவியை மையக்குழலின் அருகிற் பொருத்தி நேராக இழுத்தல் வேண்டும்.

வெளிவந்த கப்பியின் குழலை நகத்தால் தடவுக. ஆயில் ஸீல் உராய்ந்த இடத்தில் நகம் சிக்குமளவு வரி விழுந்திருப்பின், ஸீலை மட்டும் புதிதாக்கினால் எண்ணெய்க் கசிவு நில்லாது. பிறகு சாவியை எடுத்துத் தண்டின் பள்ளத்தில் வைத்துப் பார்க்க. புதுச் சாவி பக்கவாட்டில் ஆடுமாயின், மேலே வேலையை நிறுத்தி, தேர்ந்த கடைசற்காரரிடம் தண்டைக் காட்டுவதே நலம். தகட்டுத் துண்டைச் செருகி ஆட்டத்தை மறைப்பது சின்னாட்களில் தண்டையே இழப்பதற்கு வழி.

பூட்டுங்கால் குழலுக்குச் சிறிது எண்ணெயிட்டு, சாவி பின்புறம் தூக்கிக்கொள்ளாதபடி பார்த்து மெல்லத் தள்ளுக. டைமிங் மூடியையும் கழற்றியிருந்தால், கப்பியை ஸீலினுள் நுழைத்து மூடியை நடுப்படுத்திய பின்னரே அதன் போல்ட்டுகளை முடுக்கல் வேண்டும். பூட்டு வாஷர் புதிதாக இருக்கட்டும். நட்டின் முடுக்கம் இவ்வகை எஞ்சினுக்கு 70 அடி-பவுண்டு. அஃதாவது 2 அடி நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 35 பவுண்டு பாரம்.

இனி, பலர் மறந்துவிடும் பகுதி. கப்பியின் விளிம்பிலுள்ள வெட்டு, முதற் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் அடையாளம். இக்னிஷன் நேரத்தை அதனைக்கொண்டே வைக்கின்றோம். வேறிடத்திற் செய்த கப்பியில் வெட்டு மாறியிருக்கக்கூடும். பிஸ்டனின் உச்சியைக் கண்ணால் மதிப்பிடவும் இயலாது. ஏனெனில் இவ்வெஞ்சினின் பிஸ்டன் ஓட்டம் 88.9 மில்லிமீட்டராயினும், உச்சியினின்றும் தண்டு 10 டிகிரி திரும்பும்வரை பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்குவதில்லை. ஆகவே பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, முதற் பிளக் துவாரத்தில் உறுதியான தடைக்கோல் ஒன்றைப் பொருத்தி, தண்டைக் கையால் மெல்ல வலப்புறம் திருப்பிப் பிஸ்டன் தடைபடும் இடத்தில் விளிம்பிற் குறியிடுக. பின் இடப்புறம் திருப்பி, அங்கும் குறியிடுக. இரண்டு குறிகளுக்கும் இடையேயுள்ள சிறு வில்லின் நடுப்புள்ளியே மெய்யான உச்சி. 5 அங்குல விட்டமுள்ள கப்பியில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 1.1 மில்லிமீட்டர், இதைக்கொண்டு வெட்டின் பிழையை அளந்துகொள்ளலாம்.

பெல்ட்டைப் பூட்டுமுன், முறுக்கிய நூல் ஒன்றை முன்கப்பிக்கும் டைனமோக் கப்பிக்கும் நேரே இழுத்துப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ்தல் போதும். அதற்குமேல் இறுக்கினால் டைனமோவின் பேரிங்கும் நீர்ப்பம்பின் பேரிங்கும் விரைவிற் கெடும். தண்ணீர் நிரப்பி எஞ்சினைக் கிளப்பிய பின், கப்பியின் விளிம்பைப் பக்கத்தில் நின்று நோக்குக. அது தள்ளாடாது சுழலுமாயின் வண்டியை வெளியே எடுக்கலாம்.